பின்னால் வந்த எண்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு அந்தக் காலத்தில் செருப்பே கிடையாது. காலைக் கழுவி, ஈரம் போக முந்தானையில் துடைத்துவிட்டு உள்ளே போவேன். வெளியே வெயில் தீயாய் அடிக்கும், உள்ளே மார்கழி மாதம் மாதிரிக் குளிரும். பிழிந்த துணியால் தரையைத் துடைப்பதற்குள் விரல் விறைத்துவிடும். வாளியை உள்ளே கொண்டுவரக் கூடாது. கம்பி எதிலும் கை படக் கூடாது. தூசி பறக்கும்படி பெருக்கக் கூடாது. இத்தனையும் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, வருஷம் சரியாக ஞாபகம் இல்லை.

அது பீடி சுற்றும் பெண்களுக்கான ஒரு சங்கத்தின் ஆபீஸ். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. ஆற்றோரத்து ஊர்களில் பீடி சுற்றுகிறவர்களின் பேரையெல்லாம் எழுதி, எண் போட்டு, ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். பேட்டையைத் தாண்டி அந்தச் சங்கத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அட்டை இருந்தால் அங்கே படுக்கை கிடைக்கும், மருந்து கிடைக்கும், இரண்டு வேளை கஞ்சியும் உண்டு. அட்டை இல்லாதவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

நான் முக்கூடல்காரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. எண் மட்டும் நன்றாகத் தெரியும். பத்து வயதிலிருந்து மடியில் சொளவை, அந்தச் சின்ன முறத்தை, வைத்துப் பீடி சுற்றினேன். நாற்பது வயதில் வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. இலை நழுவியது, கட்டு தளர்ந்தது. கடைக் கணக்கப்பிள்ளை பாதியைக் கழித்துப் போட்டார். இனி இது ஆகாது என்று உட்கார்ந்திருந்தபோதுதான், எங்கள் பக்கத்து ஊர்க்காரரான சங்கத்து மேனேஜர் என்னைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு எடுத்தார். அவர் சொன்ன காரணம், "இவ வாயே தொறக்க மாட்டா, ஆபீஸுக்கு இப்படி ஆளுதான் வேணும்" என்பது. வாஸ்தவம்தான். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது. நெஞ்சு வரை வரும், தொண்டையில் நின்றுவிடும்.

வீட்டில் எனக்கு ஒரு ஓரகத்தி இருந்தாள், என் கொழுந்தனின் மனைவி. எனக்கு ஆறு வயது இளையவள். ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அவளுக்கும் எனக்கும் ஒரே அம்மன் பேர். எங்கள் பக்கம் அது அதிசயமே இல்லை. ஒரு தெருவில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆண்கள் கதையும் அதுதான். பிள்ளை தங்கவில்லை என்று என் மாமியார் குலசாமிக்கு நேர்ந்துகொண்டவள். பிறந்த இரண்டுக்கும் அந்தச் சாமி பேரையே வைத்துவிட்டாள். மூத்தவருக்கு முன்னால் ‘பெரிய’, இளையவருக்கு முன்னால் ‘சின்ன’. அவ்வளவுதான் வித்தியாசம். எங்களையும் ஊரில் பெரியவ, சின்னவ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அட்டைக்குப் பேர் எழுத ஊருக்கு ஒரு வயதான ஆள் வந்தார். பள்ளிக்கூடத்து மரத்தடியில் மேஜை போட்டிருந்தார். நானும் அவளும் முன்னும் பின்னுமாக வரிசையில் நின்றோம்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

வீட்டுக்காரர் பேரை நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "சாமி பேருதான்" என்றேன்.

"எந்தச் சாமி? ஊருக்குள்ள நூறு சாமி கெடக்கு."

"எங்க குலசாமி."

பக்கத்தில் நின்ற ஒருத்தி சாமி பேரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். முன்னால் ஒரு ‘பெரிய’ உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்து என் ஓரகத்தி.

"ஒனக்கு?"

"எனக்கும் அந்தச் சாமி பேருதான்."

"வயசு?"

"நீங்களே பாத்துப் போடுங்க அண்ணாச்சி."

எனக்கும் நாற்பது, அவளுக்கும் நாற்பது என்று போட்டார். காலையிலிருந்து சாமி பேரும் அம்மன் பேருமாக எழுதி அவருக்குக் கை ஓய்ந்திருந்தது. என் அட்டையின் எண் எழுபத்து மூன்றில் முடிந்தது, அவளுடையது எழுபத்து நான்கில். முன்னால் இருந்த மூன்று எண்களும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இதெல்லாம் நான் ஆபீஸ் வேலைக்குப் போவதற்கு முன்னால் நடந்தது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு சார் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆற்றங்கரை அக்கிரகாரத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் வேலை பார்த்தவர், அப்பா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்துவிட்டார். அதிர்ந்து பேச மாட்டார். என்னைக்கூட நீங்க, வாங்க என்பார். அவருக்கு உதவியாக மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி, பேரையெல்லாம் தட்டி ஏற்றுகிற வேலை. தலையில் முக்காடு நழுவாமல் நாள் முழுக்கத் தட்டுவாள், நாள் முழுக்கச் சிரிப்பாள்.

சார் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாகப் பத்து வரி, இருபது வரி எழுதுவார். அதற்கு ஸ்கிரிப்ட் என்று பேர். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் மிஷின் அதையே தினமும் செய்யும். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அது தானாகவே எல்லாப் பேரையும் ஒரு டேப்பில் நகல் எடுக்கத் தொடங்கும். மறுநாள் காலையில் நான் துடைக்கப் போகும்போது, நகல் எடுத்தாயிற்று என்று இங்கிலீஷில் ஒரு வரி திரையில் நிற்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த வரி நின்றால் சாரின் முகம் நிம்மதியாக இருக்கும் என்று தெரியும்.

அவர் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பதைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். எதையும் தொடுவதற்கு முன்னால் நகல் எடு என்பார். அழிக்கச் சொல்லுவதற்கு முன்னால், எதையெல்லாம் அழிக்கப்போகிறாய் என்று மிஷினையே சொல்ல வை, அதை மனுஷன் ஒருத்தன் பார்க்கட்டும் என்பார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதற்காக என்று குறிப்பு எழுதுவார். "நாளைக்கு நான் இல்லைன்னாலும் பின்னால வர்றவனுக்குப் புரியணும். எனக்கே ஆறு மாசத்துல மறந்துடும்" என்பார். பீடிக் கடையிலும் இப்படித்தான். வாங்குகிறவர் கழிக்கிற பீடியை நம் கண் முன்னால் எடுத்துக் காட்டிக் கழிக்க வேண்டும். ஒழுங்கான ஆள்தான் என்று சாரைப் பற்றி நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆனி மாதம் பழைய மிஷினிலிருந்து புது மிஷினுக்கு எல்லாப் பேரையும் மாற்ற வேண்டியிருந்தது. பட்டியலில் ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருப்பதாகப் புகார். அட்டையைத் தொலைத்தவர்கள் தொலைத்தேன் என்று சொல்லப் பயந்து, புதிதாக வந்ததுபோல இன்னொரு தடவை பதிந்துகொண்டிருந்தார்கள். அப்படி எத்தனையோ பேர். அதைக் கண்டுபிடித்துக் கழிக்க சார் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார்.

"எதை வச்சு சார் ரெண்டும் ஒரே ஆளுன்னு சொல்லுவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பேரு, வீட்டுக்காரர் பேரு, ஊரு, கதவு நம்பர். நாலும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளுதான். முதல் நம்பரை வச்சுண்டு பின்னால வந்ததை எடுத்துடலாம்."

"வயசப் பாக்காண்டாமா?"

"வயசா? பாதிப் பேருக்கு நாப்பதுன்னு எழுதி வச்சிருக்கார். அதை எப்படி நம்பறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடா இருந்தா என்ன செய்வீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா இருக்கும்?"

"இருந்தா அவனுக்கு நல்லதுதான். பேரு மாத்திக் கூப்புட்டு அடி வாங்காண்டாம்லா!"

சாரும் சிரித்துவிட்டார். சிரித்தவர் சட்டென்று நிறுத்தி, நாற்காலியை என் பக்கம் திருப்பினார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, நீங்க அந்தப் பக்கத்துக்காரங்கதானே? ஒரே வீட்டுல, ஒரே பேருல, வீட்டுக்காரர் பேரும் ஒண்ணாவே இருக்கிற மாதிரி ரெண்டு பேர் இருப்பாங்களா?"

இருக்கிறோம், எங்கள் வீடே அப்படித்தான் என்று நெஞ்சுக்குள் வந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். வீட்டுக்காரர் பேர் என்ன, அவர் தம்பி பேர் என்ன என்று கேட்பார்கள். அதை நான் எப்படிச் சொல்ல? அதுவும் இரண்டு பொண்டாட்டிக்காரன் என்று சிரித்து முடித்த மறு நிமிஷம். அந்தச் சிரிப்பு என் மேலே வந்து விழும் என்று நினைத்தேன். துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு, லேசாகச் சிரித்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

"அக்கா வாயத் தொறந்தா முத்து உதிந்திரும் சார்" என்றாள் அந்தப் பெண்.

சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நிஜமாகவே காத்திருந்தார். அது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. பிறகு திரும்பி, "சரி, இருக்காதுன்னு வச்சுப்போம்" என்று தட்ட ஆரம்பித்தார்.

அந்தச் சமயம் என் ஓரகத்திக்கு இருமல் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பீடிக்காரிக்கு இருமல் சகஜம். தூள் நெஞ்சில் இறங்கினால் யாருக்கும் இருமும். ஆனால் இவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் காய்ந்தது, தோள்பட்டை எலும்பு ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்தது. சங்கத்து டாக்டர் ஊருக்கு வந்தபோது வேனில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், படுக்கை காலியானதும் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றால் அவள் கேட்க மாட்டாள். வீட்டில் கல்யாண வயதில் மகள். அங்கே எந்த வரிசையில் நிற்கிறாய் என்று பார்த்தே ஊருக்குள் நோயைச் சொல்லிவிடுவார்கள், பிறகு பெண் கேட்டு யார் வருவார்கள் என்பாள். சங்கத்து ஆஸ்பத்திரி என்றால் பீடிக்காரிக்கு வருகிற இருமல் என்று போய்விடும்.

இரண்டு நாள் கழித்து சார் ஸ்கிரிப்டை ஓட்டினார். "இப்போ அழிக்க வேண்டாம். பட்டியல் மட்டும் வரட்டும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அச்சு மிஷின் கரகரவென்று சத்தம் போட்டு, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தைத் தள்ளியது. மடிப்பு மடிப்பாக விழுந்தது. அதைக் கையில் கொடுத்து, "மேனேஜர் ஸார்ட்ட குடுத்துடுங்கம்மா. நிதானமாப் பார்க்கச் சொல்லுங்க" என்றார்.

எடுத்துக்கொண்டு நடந்தேன். மேல் மடிப்பில் வரிசையாக இங்கிலீஷில் பேர், பக்கத்தில் எண். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. என் ஓரகத்தியின் எண். ஆபீஸில் முத்திரை வாங்க அவள் அட்டையை எத்தனையோ தடவை நான்தான் கொண்டுவந்திருக்கிறேன், அந்த ஐந்து எண்ணும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். மேலும் கீழும் பார்த்தேன். என் எண் இல்லை.

ஒரு பட்டியலில் பேர் வந்தால் ஏதோ கிடைக்கப்போகிறது என்றுதான் எங்களுக்குத் தெரியும். சேலை கொடுத்தாலும் பட்டியல், மண்ணெண்ணெய் கொடுத்தாலும் பட்டியல். வெட்டிப் போடுவதற்கும் பட்டியல் போடுவார்கள் என்று யார் கண்டது? துடைத்துக்கொண்டே அத்தனையும் கேட்டேனே, அது இதுதான் என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று பின்னால் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறேன். அவள் எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது. சொல்லிவிட வேண்டும் என்று பறந்தேன். வாயே திறக்காத நான் அன்றைக்குப் பஸ்ஸை விட்டு இறங்கின கையோடு அவள் அடுப்படிக்குப் போனேன்.

"ஏளா, ஒன் நம்பரு பேப்பர்ல வந்திருக்கு."

"எந்தப் பேப்பர்ல?"

"கம்ப்யூட்டர் பேப்பர்ல. சாரே எடுத்து மேனேஜருக்குக் குடுத்து விட்டிருக்காரு. எனக்கு இல்ல, ஒனக்கு மட்டுந்தான்."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடத்தான இருக்கும்? நீ எனக்காச் சொன்னியாக்கா?"

"நான் எங்க சொல்ல? அதுவா வந்திருக்கு."

"அதுக்கு எப்படித் தெரிஞ்சிது, எவ இருமுதான்னு?" என்று சிரித்தாள். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, ஒரு மூடியை எனக்குத் தந்தாள்.

மேனேஜர் அந்தக் காகிதத்தை நான்கு நாள் மேஜை ஓரத்தில் வைத்திருந்தார். அதன் மேல் தினசரிப் பேப்பர், பேப்பரின் மேல் மூக்குக்கண்ணாடிக் கூடு. ஐந்தாம் நாள் முதல் மடிப்பில் மட்டும் கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினார். நான்தான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, முதலில் டேப்பில் நகல் எடுத்தார், பிறகு இன்னொரு தடவை ஸ்கிரிப்டை ஓட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். அந்த டம்ளரைக் கழுவி வைத்ததும் நான்தான்.

பிறகு காத்திருந்தாள். ஆடி போனது, ஆவணி போனது. கொழுந்தன் ஒருநாள், "சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவமேட்டி, சவம் எத்தன நாளு இருமுவே?" என்று சத்தம் போட்டார்.

"பேரு வந்திருச்சுல்லா. அக்காவே பாத்திருக்கா. ஆள் வாரதுக்குள்ள என்னத்துக்கு அங்கன போய்ச் சீப்படணும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆபீஸில் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தினமும் கேட்க நினைப்பேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாளைக்குக் கேட்போம் என்று வந்துவிடுவேன்.

ஐப்பசியில் மழை பிடித்த பிறகு ஒரு காலையில் அவள் துப்பியதில் ரத்தம் வந்தது. மகளிடம் காட்டாமல் சாம்பலைப் போட்டு மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்கே அவளைப் பஸ்ஸில் ஏற்றிப் பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதுகிறவர் முன்னால் புதுப் பட்டியல் தடிப் புத்தகமாக இருந்தது. விரலை வைத்துத் தேடினார்.

"இந்த நம்பர் இல்லையேம்மா."

அட்டையை நீட்டினேன்.

"அட்டை இருக்கு, லிஸ்ட்டுல ஆள் இல்ல. இந்த வீட்டுல, இந்தப் பேருல ஒரே ஆளுதான். எழுபத்தி மூணு. அது யாரு?"

"நான்தான்."

"அப்ப இவுங்க யாரு?"

என் ஓரகத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அதான, நான் யாருக்கா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தது. மரத்தடி மேஜை, பேர், அந்தக் கேள்வி, காகிதத்தில் பார்த்த எண். அவளை வேப்பமரத்து மேடையில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஜங்ஷனுக்கு ஓடினேன். காலைக் கழுவவில்லை. சேறோடு உள்ளே போனேன். மேலப்பாளையத்துப் பெண், "அல்லா, என்னக்கா இது கோலம்?" என்று எழுந்துவிட்டாள்.

"சார், நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்லா" என்று தொடங்கினேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருப்பாகளான்னு. இருக்கோம் சார். நானும் என் ஓரகத்தியும். அவளத்தான் எடுத்துட்டீங்க."

சார் எழுந்துகொண்டார். "வீட்டுக்காரர் பேரும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல சார்." கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் பேரை, முன்னால் உள்ள ‘பெரிய’ என்பதோடு சேர்த்து, வாய்விட்டுச் சொன்னேன். பிறகு கொழுந்தன் பேரையும் சொன்னேன். நாக்கில் உப்புக் கரித்தது மாதிரி இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சார் உட்கார்ந்து தட்டினார். கழித்த ஒவ்வொரு பேரையும் தூக்கி எறியாமல், எந்த நாளில் எதற்காகக் கழித்தது என்று தனியாக ஒரு இடத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் ஸ்கிரிப்டிடம். அதற்குள் அவள் இருந்தாள், பேர், ஊர், கதவு எண், நாற்பது வயது எல்லாமும். ஐந்து நிமிஷத்தில் அவளைப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சிருக்கணும். எடுக்கறதை மட்டும் அச்சடிச்சேன். மேனேஜர் ஸார் பார்த்திருந்தாலும் அவருக்கு என்ன தெரியும்? தப்பு என்னோடதும்மா."

அப்போதும் நான், அந்தக் காகிதத்தில் அவள் எண்ணைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

படுக்கை அன்றைக்கே கிடைத்தது. ஊசியும் மருந்தும் தொடங்கினார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆனி மாசம் எடுத்த படத்துல ஒரு பக்கந்தான் இருந்துச்சு. ஏம்மா இத்தன நாளு வீட்டுல வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். தகவல் கேட்டு வந்திருந்த கொழுந்தன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேனோ என்னவோ.

தினமும் வேலை முடிந்து அவளைப் பார்க்கப் போவேன். ஒரு நாள் தலைமாட்டில் உட்கார்ந்து சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"பேரு வந்திருக்குன்னு சொன்னியே, அது எந்த லிஸ்ட்டுக்கா?"

"தெரியலட்டி."

"தேங்காயெல்லாம் ஒடச்சனே" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தைப் பொங்கல் கழிந்து ஆறாம் நாள் காலையில், கஞ்சி கொடுக்கிற நேரத்தில் போய்விட்டாள்.

சார் பிறகு அந்த ஸ்கிரிப்டை மாற்றினார். பேரை எடுக்காமல், இது இரண்டு தடவை வந்திருக்கலாம் என்று பக்கத்தில் ஒரு குறி மட்டும் வைக்கச் செய்தார். வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்த பிறகுதான் கை வைப்பது. அப்படிக் கேட்கப் போனதில் எங்களைப்போல இன்னும் சில வீடுகள் அகப்பட்டன. அவர்களுடைய பேரெல்லாம் திரும்ப வந்தது. அவர்களில் யாரும் அதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அதனால் தங்கள் பேர் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ஸ்கிரிப்டின் தலையில் ஒரு குறிப்பு எழுதியிருப்பதாகச் சொல்லி, அதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரே வீட்டில், ஒரே பேரில், வீட்டுக்காரர் பேரும் ஒன்றாக, இரண்டு பெண்கள் இருப்பார்கள், கேட்காமல் எடுக்காதே, என்பது அது. "இருக்கலாம்னு எழுதலை. இருப்பாங்கன்னுதான் எழுதியிருக்கேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மாசியில் ஆஸ்பத்திரிச் சீட்டையும் இறப்புச் சான்றிதழையும் கொழுந்தன் என்னிடம் கொடுத்தார். செத்தவர் பேரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று சங்கத்தில் கேட்டிருந்தார்கள். காலைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போய்க் கொடுத்தேன். சார் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"இதுக்கு ஸ்கிரிப்ட் வேண்டாம். நானே எடுத்துடறேன்" என்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "நீங்களே நம்பரைப் பார்த்துச் சொல்லுங்கம்மா. மாத்தி எடுத்துடக் கூடாது."

திரையில் இரண்டு வரி நின்றது. ஒன்றன் கீழ் ஒன்று. பேர் ஒன்று, ஊர் ஒன்று, கதவு எண் ஒன்று. வீட்டுக்காரர் பேருக்கு முன்னால் மட்டும் இப்போது வித்தியாசம் இருப்பதாகச் சொன்னார். எனக்கு அந்த இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கடைசியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். கீழ் வரியை, விரல் திரையில் படாமல், காட்டினேன்.

"வாய்விட்டுச் சொல்லுங்கம்மா."

ஐந்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழு, நாலு என்று முடித்தேன். அவர் தட்டினார். கீழ் வரி போய்விட்டது.

இந்த வீட்டில், இந்தப் பேரில், ஒரே ஆள். ஆனியில் மிஷின் சொன்னது மாசியில் சரியாகிவிட்டது. நான் துணியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த மேஜைக்கு அடியில் குனிந்தேன்.